முதலாளியின் தலைக்குள் இருக்கும் பட்டியல்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியமைத்தது. புதிய விகிதம் அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 22. இடையில் வணிகர்களுக்குக் கிடைத்தது பதினெட்டே நாள். அந்தப் பதினெட்டு நாளில் ஒரு சாதாரண மளிகைக் கடைக்கு எத்தனை வேலை வந்து சேர்ந்தது என்பதை வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர் வகையறா 12லிருந்து 5க்கு வந்தன. துணி துவைக்கும் தூள் மட்டும் 18லேயே நின்றது. பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோ அரிசிச் சிப்பம் பழைய 5லேயே இருந்தது. (2022 ஜூலையில் இந்த வரி வந்த பிறகு 26 கிலோ சிப்பம் பிறந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே கிளற வேண்டாம்.)

ஆக, பில் போடும் கம்ப்யூட்டரில் விகிதம் மாற்ற வேண்டும். 21ஆம் தேதி இரவு இருப்புச் சரக்கை எண்ணி எழுத வேண்டும். பழைய விலை அச்சிட்ட சரக்குக்கு என்ன செய்வது என்று கம்பெனி விற்பனைப் பிரதிநிதியைப் பிடித்துக் கேட்க வேண்டும். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை மாற்ற வேண்டும். கல்லாவில் நிற்கும் பையனுக்கு, வாடிக்கையாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கற்றுத்தர வேண்டும். இவற்றில் ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. இருந்தும் பல கடைகளில் கம்ப்யூட்டரில் மாறிய விலை அலமாரியில் மாறவில்லை. சில கடைகளில் சோப்புக்குக் குறைத்த கையோடு துணி துவைக்கும் தூளுக்கும் குறைத்துவிட்டார்கள். விசாரித்தால், "அதை அவன் பார்ப்பான் என்று இருந்தேன்" என்ற பதில்தான் எங்கும் கிடைத்தது.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இந்த மாதிரி வேலையை 'ப்ராஜெக்ட்' என்கிறார்கள். ஒரு தொடக்கம், ஒரு முடிவுத் தேதி, நடுவில் பல கைகள் பட்டு நடக்கும் வேலை என்பதே அதன் பொருள். பல பேர் சேர்ந்து செய்யும் வேலையில் எது யார் பொறுப்பில் இருக்கிறது, எது முடிந்தது, எது எதற்காக நின்று கிடக்கிறது என்பதை எல்லோரும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்வதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கம்பெனி 2002இல் 'ஜிரா' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2004இல் 'பேஸ்கேம்ப்' வந்தது, 2011இல் 'ட்ரெல்லோ' வந்தது. ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸ் அங்கிருந்து விலகி 2008இல் தொடங்கிய கம்பெனிக்கு 'ஆசனா' என்று பெயர். நம்முடைய யோகாசனத்து ஆசனம்தான். 2017இல் ட்ரெல்லோவை அட்லாசியன் 42.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பலகையில் சீட்டை ஒட்டி இங்கிருந்து அங்கே நகர்த்தும் காரியத்துக்கு இவ்வளவு விலையா என்று நமக்குத் தோன்றலாம். வாங்கியவர்களுக்கு அதன் மதிப்புத் தெரிந்திருக்கிறது.

இது ஏதோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. நம் தஞ்சை மாவட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு, கூட்டாளிகளுடன் 1996இல் தொடங்கிய கம்பெனிதான் இன்று 'ஜோஹோ' என்ற பெயரில் இருக்கிறது. அவர்களுடைய 'ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்' 2006இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் விற்கிறது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறை கிராமத்திலே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. திருச்சியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம், தஞ்சாவூர்ப் பக்கம் திருமலைசமுத்திரத்து சண்முகா கல்லூரியில் பொறியியல் படித்தவர். அவர் 2010இல் சென்னையில் தொடங்கிய 'ஃப்ரெஷ்வொர்க்ஸ்' 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. வாடிக்கையாளர் சொல்லும் குறை ஒவ்வொன்றையும் ஒரு சீட்டாக எழுதி, அதற்கு ஒரு பொறுப்பாளர் பெயரைப் போட்டு, குறை தீரும் வரை அந்தச் சீட்டைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான் அவர்களுடைய முதல் மென்பொருளின் வேலை. 2024இல் நம் ஊர் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்காவே திறந்துவிட்டார்கள். அதற்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் காலையில் வந்ததும் முதலில் திறந்து பார்ப்பது இப்படிப்பட்ட ஒரு பலகையாகத்தான் இருக்கும்.

அந்தப் பலகை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். திரையில் மூன்று பத்தி. முதல் பத்தியின் தலைப்பு 'செய்ய வேண்டியது', நடுப்பத்தி 'நடக்கிறது', கடைசிப் பத்தி 'முடிந்தது'. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. சீட்டில் வேலை என்ன, செய்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருக்கும். வேலை தொடங்கினால் சீட்டை நடுப்பத்திக்குத் தள்ள வேண்டும், முடிந்தால் கடைசிக்கு. இடையில் கேள்வி, பதில், போட்டோ எது வந்தாலும் அந்தச் சீட்டின் அடியிலேயே சேரும். குழுவில் இருக்கும் எல்லோருடைய செல்போனிலும் அதே பலகை தெரியும். தமிழிலேயே எழுதலாம்.

இந்தப் பலகையின் பூர்வீகம் மளிகைக் கடை என்பதைக் கேட்டால் நம்மவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்று ஓர் எஞ்சினியர் இருந்தார். அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட்டுகளில், வாடிக்கையாளர் அலமாரியிலிருந்து சரக்கை எடுக்க எடுக்க, காலியான இடத்தைப் பார்த்து அந்த அளவுக்கு மட்டும் மறுபடி அடுக்குகிறார்கள் என்ற விஷயம் அவர் காதில் விழுந்தது. கார் தொழிற்சாலையிலும் அடுத்த நிலையில் இருப்பவன் எடுத்த அளவுக்கே முந்தைய நிலையில் இருப்பவன் செய்தால் போதுமே என்று அவர் யோசித்தார். 1953இல் தம்முடைய எந்திரப் பட்டறையில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1956இல் அமெரிக்கா போனபோது கார் தொழிற்சாலைகளோடு சூப்பர் மார்க்கெட்டையும் நேரிலே பார்த்துவிட்டு வந்தார். உதிரி பாகம் வைத்த பெட்டியோடு ஒரு சீட்டு இருக்கும். பாகத்தை எடுத்துவிட்டால் சீட்டு திரும்பிப் போகும். சீட்டு வந்தால்தான் அடுத்த பாகம் செய்ய வேண்டும். வராமல் ஒன்றும் செய்யக் கூடாது. இந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கான்பான்'. கடை வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைக்கு ஜப்பானிய மொழியில் உள்ள சொல் அது. ஐம்பது ஆண்டு கழித்து மென்பொருள் எழுதுகிறவர்கள் அதே பெயரோடு எடுத்துக்கொண்டார்கள்.

துவரம்பருப்பு டின்னில் அடி தெரிந்ததும் "பருப்பு இறக்கணும்" என்று உள்ளே குரல் கொடுக்கிறானே கடைப் பையன், அதுவும் கான்பான்தான். மாதக் கடைசியில் இலக்கை முடிப்பதற்காகக் கம்பெனிப் பிரதிநிதி நம் தலையில் பத்துப் பெட்டி கட்டிவிட்டுப் போகிறாரே, அது கான்பானுக்கு நேர் எதிர். காலியானது எது என்று அவர் பார்ப்பதே இல்லை.

இனி நம் கடைக்குள் வருவோம். மளிகைக்காரனுக்கு ப்ராஜெக்ட் என்றால் கலியாணச் சீட்டுதான். ஆவணியிலோ தை மாதத்திலோ முகூர்த்தம். சமையல்காரர் ஒரு முழ நீளத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சீர் பட்சணத்துக்கான மாவு, வெல்லம், நெய், எண்ணெய் டின் முதலியவை நாலு நாள் முன்னதாகவே போக வேண்டும். அரிசிச் சிப்பமும் பருப்பும் முதல் நாள் மதியத்துக்குள் மண்டபத்தில் இறங்க வேண்டும். முந்திரி முழுசா, உடைசலா என்று பெண் வீட்டாரிடம் கேட்டாக வேண்டும். நம்மிடம் இல்லாத நாலு சாமானைப் பக்கத்துக் கடையில் வாங்கிச் சேர்க்க வேண்டும். முன்பணம் வந்ததா என்று கல்லா பார்க்க வேண்டும். கலியாணம் முடிந்தபின் பிரிக்காத சிப்பத்தையும் டின்னையும் திரும்ப எடுத்து வந்து கழித்துவிட்டுப் பாக்கி வசூலிக்க வேண்டும். கல்லாக்காரர், குடோன் ஆள், டெம்போ டிரைவர், வசூலுக்குப் போகிறவர், மேலே முதலாளி என்று ஐந்து கை படுகிறது.

பிசகு எங்கே நேர்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். சீட்டில் எழுதியிருப்பது அநேகமாகத் தவறுவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சமையல்காரர் முதலாளிக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, ரவை இன்னும் பத்து கிலோ சேர்த்துப் போட்டுடுங்க" என்பார். அண்ணாச்சி அப்போது கடையை அடைத்துவிட்டு வண்டியில் போய்க்கொண்டிருப்பார். "சரி சரி" என்பார். அந்தப் பத்து கிலோ ரவை அவர் தலைக்குள்ளேயே இருக்கும். காலையில் லாரி ஆபீசில் ஒரு தகராறு வந்தால் ரவை அதன் அடியில் போய்விடும். கலியாண வீட்டில் விடியற்காலை ரவை இல்லை என்று ஆனால், அந்தக் குடும்பத்தின் அடுத்த மூன்று கலியாணமும் வேறு கடைக்குப் போகும். திட்டு வாங்குவதோ டெம்போ டிரைவர். அவனுக்கு ரவை என்ற சேதியே போயிருக்காது. பலகை இருந்தால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்தக் கலியாணத்துச் சீட்டின் அடியில் ஒரு வரி பேசிப் பதிந்தால் போதும். காலை ஆறு மணிக்குக் குடோன் திறப்பவன் முதலாளி வருவதற்கு முன்பே ரவையை எடுத்து வைத்திருப்பான்.

நமக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா என்று அன்பர்கள் கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே காலை வணக்கம், சாமி படம், லாரி நம்பர், ரவை எல்லாம் ஒரே ஓடையில் போகின்றன. என்ன பேசினோம் என்று தேடலாம். என்ன பாக்கி இருக்கிறது என்று அது சொல்லாது. இரண்டு நீலக் கோடு விழுந்தால் பார்த்தான் என்று அர்த்தம். செய்தான் என்று அர்த்தம் ஆகாது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை அறிந்தவர்கள். வந்த சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். சரக்கு போனதும் கம்பியிலிருந்து உருவிச் சிட்டையில் பதிவார்கள். மாலையில் கம்பியைப் பார்த்தாலே அன்றைய பாக்கி வேலை தெரியும். கம்பிக்குக் கல்லாவை விட்டு நகரத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. கீழவாசல் கடையில் இருக்கும் கம்பியைத் திருவையாறு ரோட்டுக் குடோனில் இருப்பவன் பார்க்க முடியாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஒரே இடத்தில், இரண்டு மூன்று ஆட்களோடு கடை நடத்துகிறவர் எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, மூன்று பத்தி கோடு கிழித்து, ஒட்டுச் சீட்டு வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் அதில் பழகட்டும். கடையும் குடோனும் வேறு வேறு இடத்தில் இருப்பவர்கள், மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் கிளை வைத்திருப்பவர்கள், ஊர் ஊராகச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் ஆகியோர் செல்போனில் பார்க்கும் பலகைக்குப் போகலாம். சிறு குழுக்களுக்கு ஜோஹோவும் ட்ரெல்லோவும் இலவசத் திட்டம் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர், எத்தனை பலகை என்ற வரம்பை அவ்வப்போது மாற்றுவார்கள். சேரும்போது படித்துக்கொள்ள வேண்டியது. இலவசம் என்பதால் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடவும் கூடாது. 'உண்டர்லிஸ்ட்' என்று ஒரு வேலைப் பட்டியல் செயலி பிரபலமாக இருந்தது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2020 மே மாதம் இழுத்து மூடியது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பற்று வரவை இந்தப் பலகையில் எழுதவே கூடாது. அதன் இடம் பேரேடு. டெம்போ டிரைவரும் பார்க்கிற இடத்தில் ஒரு குடும்பத்தின் கடனை எழுதி வைப்பது தர்மமும் ஆகாது. இன்னொன்று, கணக்கைக் கடையின் பெயரிலும் கடையின் நம்பரிலும் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பையனின் சொந்த நம்பரில் தொடங்கினால், அவன் வேலையை விட்டுப் போகும்போது பலகையும் அவனோடு போகும்.

பலகை வைத்தவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் நடுப்பத்தி. டொயோட்டாக்காரர்கள் கண்ட சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஒரே நேரத்தில் நடக்கும் வேலைக்கு ஓர் எல்லை வேண்டும். ஓர் ஆளின் பெயரில் 'நடக்கிறது' பத்தியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நாம் என்ன செய்கிறோம்? குடோன் ஆள் ஒருவர் ஆர்டரைப் பாதி கட்டிக்கொண்டிருக்கும்போது, "அதை விடு, இதை முதல்ல போடு" என்கிறோம். இதைப் பாதி கட்டும்போது இன்னொரு போன். பதினோரு மணிக்குப் பார்த்தால் நாலு ஆர்டர் அரைகுறையாக நிற்கிறது, ஒன்றும் வண்டி ஏறவில்லை. லோடுமேன்கள் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். நாலையும் தொடங்கி வைத்தது நாம்தான் என்பதைப் பலகை முகத்துக்கு நேரே காட்டிவிடும். பல முதலாளிகளுக்கு இது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

பிடிக்க வேண்டிய விஷயத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. யார் எத்தனை மணிக்குச் சீட்டை நகர்த்தினான் என்று மென்பொருள் பதிவு செய்கிறது. உடனே அதைச் சாட்டையாக எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். ஒரு நாளைக்கு இத்தனை சீட்டு முடித்தால் இவ்வளவு, குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம் என்று ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முடியாத வேலையை முடிந்தது என்று நகர்த்துவான். பெரிய வேலை ஒன்றை எட்டுச் சீட்டாகக் கிழிப்பான். டொயோட்டாவில் சாதாரணத் தொழிலாளியும் பிசகைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம் என்று வைத்தார்கள். இழுத்தவனைத் திட்டுவது அங்கே வழக்கம் இல்லை. நம் கடைப் பையனும் "மூட்டை நனைந்திருக்கு, அனுப்ப வேண்டாம்" என்று சிவப்புச் சீட்டு ஒட்டத் துணிய வேண்டும். திட்டு விழும் கடையில் அவன் ஒட்டமாட்டான். நனைந்த மூட்டை வண்டி ஏறும். நாள் முழுவதும் நிற்கும் ஊழியருக்கு உட்கார ஓர் இருக்கை கொடுங்கள் என்று சொல்லவே 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அந்த வர்க்கத்தைச் சேர்ந்த நம் கையில் நிமிஷக் கணக்குக் காட்டும் கருவி கிடைத்தால் எப்படி நடந்துகொள்வோம் என்று ஊழியர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முதலாளியின் பெயரும் அதே பலகையில் இருப்பதுதான் அந்தப் பயத்துக்கு மருந்து. வங்கியில் கையெழுத்து, மின்னணுத் தராசுக்கு இந்த ஆண்டு முத்திரை, 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கு என்று நம் வேலையும் சீட்டாகத் தொங்கட்டும். தேதி தாண்டினால் நம் சீட்டும் சிவப்பாகட்டும், பையன்கள் பார்க்கட்டும்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்தி எழுதக் காரணம் ரவையோ சோப்போ அல்ல. டெல்டாவில் நம் தலைமுறைக் கடைகள் எப்படி மூடப்படுகின்றன என்று பார்த்துக்கொண்டு வருகிறேன். வியாபாரம் நொடித்து மூடியவை சில. முதலாளி படுக்கையில் விழுந்து மூன்று மாதத்தில் தடுமாறி மூடியவையும் உண்டு. எந்த மில்காரர் சொன்ன எடைக்குத் தருவார், எந்த ஊர்க் கடைக்காரர் அறுவடைக்கு அறுவடைதான் பாக்கி தீர்ப்பார், எந்தச் சரக்குக்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும், எந்த உரிமம் எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்ற எல்லாமே ஒரே ஒருவர் தலைக்குள் இருந்தது. பிள்ளை சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லீவு போட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தால், பேரேட்டைப் பார்த்துப் பழைய கணக்கைத் தெரிந்துகொள்கிறான். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பேரேட்டில் இல்லை. மனைவியைக் கேட்டால், "அவர் ஒன்றும் சொல்லமாட்டாரே" என்கிறார். எல்லாம் என் விரல் நுனியில் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். விரலுக்கு உடையவர் போனால் நுனியும் போகிறது. ஆண்டு முழுவதும் மாதவாரியாக வரும் வேலைகளைத் தேதியோடு பலகையில் ஏற்றி வைத்தால், பிள்ளையோ மருமகளோ பழைய ஊழியரோ அன்றைய தேதியிலிருந்து தொடரலாம். பெரிய சங்கிலிக் கடைகளிடம் இருப்பது இதுதான். அங்கே மானேஜர் மாறினாலும் மறுநாள் காலை கடை வழக்கம்போலத் திறக்கிறது.

நமது சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னை மரங்கள் சாய்ந்து ரோடுகளை அடைத்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டெல்டாவின் வணிகர்கள் அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய், தண்ணீர் என்று மனமுவந்து அனுப்பினார்கள். அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் மெயின் ரோட்டு ஓரத்து ஊர்களுக்கு வண்டி மேல் வண்டி போக, உள்ளடங்கிய ஊர்களில் ஜனங்கள் காத்துக்கிடந்தார்கள். எந்த ஊருக்கு யார் அனுப்பினார் என்று ஒரே இடத்தில் எழுதிப் பார்க்க வழி இல்லாததுதான் காரணம். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையில் தன்னார்வ இளைஞர்கள் இன்டர்நெட்டில் ஒரு பொதுப் பட்டியலைத் திறந்து, எங்கே உதவி வேண்டும், யார் தரத் தயார் என்று பலர் சேர்ந்து எழுதிச் சமாளித்திருந்தார்கள். பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்திதான். மூன்று ஆண்டுக்குள் நாம் அதைக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

புயல் வராத நாட்களிலும் நம் சங்கக் கூட்டங்களில் நடப்பது என்ன? 'கடைவீதி வடிகால் குறித்து ஆணையரைச் சந்திப்பது எனத் தீர்மானிக்கப்பட்டது' என்று நோட்டில் ஏறுகிறது. யார் சந்திப்பது, எந்தத் தேதியில் என்று ஏறுவதில்லை. அடுத்த கூட்டத்தில் அதே தீர்மானம் மறுபடி நிறைவேறுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கடைக்குள் வருகிறது.

அடுத்த செயற்குழுவில் இதை நான் முறையாக முன்மொழிய இருக்கிறேன். சங்க ஆபீஸ் சுவரில் ஒரு பலகையும், நிர்வாகிகள் செல்போனில் அதே பலகையும் வேண்டும். ஒவ்வொரு தீர்மானமும் ஒரு பெயரோடும் ஒரு தேதியோடும்தான் அதில் ஏற வேண்டும். பெயர் கொடுக்க ஆள் இல்லாத தீர்மானத்தை நிறைவேற்றவே வேண்டாம். மே 5 வணிகர் தின மாநாட்டுக்கான வேன் ஏற்பாடு, சந்தா வசூல், பேனர், சாப்பாடு ஆகியவற்றில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் பழக்கம் உள்ள இளைய உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து மூத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். வடிகால் சீட்டை என் பெயரில் எழுதிக்கொள்ளலாம். தேதியை மட்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகப் போடுங்கள்.